607 என்று தொடங்குவதால்தான் பார்சல் தாமதமா?

கேள்வி: கிருமாம்பாக்கம் வாசகர்
12 செப்டம்பர் 2025, காலை 10.15

நாம் இருப்பது புதுச்சேரி. பின்கோடு மட்டும் கடலூரைப் போல 607 என்று தொடங்குகிறது. அதனால்தான் நமக்கு வரும் பார்சல்களைக் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே பந்தாடுகிறார்கள் என்பது என் முடிவு. போன மாதம் 605001 என்று மாற்றிப் போட்டேன். இரண்டே நாளில் வந்துவிட்டது. எல்லோரும் 605 என்றே போட்டுவிடலாமா? மற்றவர்களின் அனுபவம் என்ன?

12 செப்டம்பர், இரவு 9.30
பாகூரிலிருந்து

உங்கள் முடிவை அப்படியே ஏற்கிறேன். என் எண் 607402. பொருள் வாங்கும்போது இந்த ஆறு இலக்கத்தைத் தட்டியதும் கட்டத்தில் ‘கடலூர், தமிழ்நாடு’ என்று தானாக விழுகிறது. அதை அழித்துப் ‘புதுச்சேரி’ என்று எழுதினால், எண்ணும் ஊரும் பொருந்தவில்லை என்று சிவப்பு எழுத்தில் வருகிறது. சொந்த ஊரின் பெயரை எழுத விடாத படிவம் அது.

என் வீட்டுக் கதையைச் சொல்கிறேன். அப்பாவுக்கு வயது எழுபத்தொன்பது. இடது காது முற்றிலும் போய்விட்டது. வலது காதுக்குப் பின்னால் மாட்டும் கருவி இருந்தால்தான் அவருக்கு உலகம். ஆகஸ்ட் கடைசியில் அது பழுதானது. சென்னைக்கு அனுப்பினோம், சரிசெய்து 9ஆம் தேதி கூரியரில் போட்டுவிட்டார்கள். 11ஆம் தேதி மாலை கடலூர் மையத்துக்கு வந்துவிட்டது. இன்று காலை ‘விநியோகத்துக்குப் புறப்பட்டது’ என்று செய்தி. மஞ்சக்குப்பத்தில் அச்சகத்தில் வேலை எனக்கு. ஒரு மணி நேரம் முன்னதாகவே சொல்லிவிட்டுக் கிளம்பி, ஆறு மணிக்கெல்லாம் வீட்டில் இருந்தேன்.

இரவு 7.52க்குச் செய்தி வந்தது: ‘வீடு பூட்டியிருந்தது. மீண்டும் முயல்வோம்.’

அந்த நிமிடம் நான் திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். விளக்கு எரிகிறது. வெளிக்கதவு விரியத் திறந்து கிடக்கிறது. என் மனைவி உள்ளே தோசை வார்த்துக்கொண்டிருந்தாள். தெருவில் ஒரு வண்டி நிற்கவில்லை.

13 செப்டம்பர், மாலை 6.10

உதவி எண்ணுக்கு மூன்று முறை அழைத்தேன். பதிவு செய்த குரல், பிறகு இசை, பிறகு துண்டிப்பு. நாலாவது முறை ஒரு பெண் எடுத்தார். பணிவாகத்தான் பேசினார். “திங்கட்கிழமை கட்டாயம் வரும் சார், வீட்டில் ஆள் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.” நேற்றும் இருந்தோமே அம்மா என்றேன். “பூட்டியிருந்ததாகத்தான் இங்கே காட்டுகிறது சார்.” அவர் முன்னால் இருக்கும் திரையில் என் வீடு பூட்டிக் கிடக்கிறது. அந்த வீட்டுக்குள் நின்றுதான் அவரிடம் பேசிக்கொண்டிருக்கிறேன். அதற்குமேல் என்ன சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை, வைத்துவிட்டேன்.

14 செப்டம்பர், ஞாயிறு, பகல் 3.00

12ஆம் தேதி நான் எழுதியதைத் திருத்திக்கொள்கிறேன். கிருமாம்பாக்கம் நண்பர் சொன்னதை அவசரப்பட்டு ஒப்புக்கொண்டுவிட்டேன். இன்று உட்கார்ந்து யோசித்தபோது பின்கோட்டின் மேல் குற்றமே இல்லை என்று தோன்றுகிறது.

இந்த எண் 1972 ஆகஸ்ட் 15ஆம் தேதி வந்தது. ஒரே பெயரில் பல ஊர்கள், பல மொழிகளில் முகவரிகள். பிரிக்கிறவர்கள் தடுமாறக் கூடாது என்பதற்காக வந்த ஏற்பாடு. முதல் மூன்று இலக்கம், கடிதங்களை எங்கே கொண்டுபோய்ப் பிரிக்க வேண்டும் என்பதைச் சொல்கிறது. கடைசி மூன்று இலக்கம் அஞ்சலகத்தைச் சொல்கிறது. அரசு எல்லை எங்கே ஓடுகிறது என்பது இதற்குப் பொருட்டே இல்லை, தபால் பை எந்த வழியாகப் போகிறது என்பதுதான் கணக்கு. பாகூருக்குப் பக்கத்து ஊர் கடலூர், ஆகவே 607.

புதுச்சேரியின் மற்றப் பகுதிகளைப் பாருங்கள். காரைக்கால் 609602, மயிலாடுதுறை 609001. மாஹே 673310, கோழிக்கோடு 673001. ஏனாம் 533464, காக்கிநாடா 533001. எல்லாம் பக்கத்து ஊரோடுதான் போகின்றன. ஏனாமின் எண் ஆறில்கூடத் தொடங்கவில்லை, ஆந்திரத்தின் ஐந்தில் தொடங்குகிறது. மறுபக்கம், விழுப்புரம் 605602. அது தமிழ்நாடு, ஆனால் 605. அதற்காக விழுப்புரத்துக்காரர்கள் யாரும் புதுச்சேரிக்காரர்கள் ஆகிவிடவில்லை.

ஆக, எண் சரி. எண்ணை வைத்து மாநிலத்தை ஊகிக்கும் படிவம்தான் தவறு. என் பார்சலையே எடுத்துக்கொள்ளுங்கள். சென்னையிலிருந்து இரண்டு நாளில் கடலூருக்கு வந்துவிட்டது. எண் தன் வேலையைச் செய்துவிட்டது. அங்கிருந்து என் வீட்டுக்குப் பஸ்ஸில் வந்தால் அரை மணி நேரம், இந்த அரை மணி நேரத் தூரத்தில்தான் கோளாறு.

நண்பரே, 605001 என்று போடாதீர்கள். இந்த முறை உங்கள் நல்ல நேரம், அந்த நிறுவனத்துக்குப் புதுச்சேரியிலும் ஒரு கிளை இருந்திருக்கும். வங்கியிலிருந்து காசோலைப் புத்தகமோ பாஸ்போர்ட்டோ அப்படி வந்தால் புதுச்சேரித் தலைமை அஞ்சலகத்துக்குப் போய், அங்கிருந்து திருப்பிவிடப்பட்டு, உங்களுக்கு வர நாளாகும்.

15 செப்டம்பர், இரவு 8.40

இன்றும் ‘வீடு பூட்டியிருந்தது’. நேரம் பகல் 11.40.

அப்பா காலையிலிருந்து வீட்டைவிட்டு நகரவில்லை. காது கேட்காமல் டீக்கடைக்குப் போவதை நிறுத்தி இரண்டு வாரமாகிறது. பார்சல் வரும், திண்ணையிலேயே இருங்கள் என்று தாளில் எழுதிக் காட்டிவிட்டுத்தான் வேலைக்குப் போனேன். தலையாட்டினார். வராமலே வந்ததாக எழுதுகிறவனுக்குக் கை கூசாதா? இதைத் தாமதம் என்று இனி யாரும் சொல்லாதீர்கள், பச்சைப் பொய் இது.

16 செப்டம்பர், இரவு 10.20

ஒரு காது மெஷினுக்கு இத்தனை கோபமா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். சொல்கிறேன்.

பெரிய முந்திரிக்கொட்டை அளவுதான் அந்தக் கருவி. அதிலிருந்து கண்ணாடிபோல ஒரு மெல்லிய குழாய், குழாயின் முனையில் அப்பாவின் காதை அளவெடுத்து வார்த்த அச்சு. அந்த அச்சு வேறு யாருக்கும் பொருந்தாது. உள்ளே 13ஆம் எண் பேட்டரி, ஆரஞ்சு நிற ஒட்டுத்தாளோடு வரும். தாளை உரித்து ஒரு நிமிடமாவது காற்றில் வைத்துவிட்டுத்தான் உள்ளே போட வேண்டும், காற்றுப் பட்டால்தான் அதற்கு உயிர் வரும். அப்பா அந்த ஒரு நிமிடத்தை உள்ளங்கையில் பேட்டரியை வைத்துக்கொண்டு எண்ணுவார். இரவில் ஈரத்தை உறிஞ்சும் மணிகள் போட்ட டப்பாவில் கருவியைப் படுக்க வைப்பார். காதில் மாட்டும்போது ‘ஊய்’ என்று ஒரு கூவல் கேட்கும். அதைக் கேட்டால் அப்பா எழுந்துவிட்டார் என்று அடுக்களையில் காப்பி கலப்பார்கள். பத்து வருடமாக எங்கள் வீட்டின் விடியல் அந்தக் கூவல்தான்.

இப்போது அது இல்லை. அப்பா பேசுவதையே குறைத்துக்கொண்டார். தன் குரல் தனக்கே கேட்காததால் எவ்வளவு உரக்கப் பேசுகிறோம் என்று அவருக்குத் தெரிவதில்லை. ஒருமுறை மருமகள் முகத்தைச் சுளித்ததைப் பார்த்துவிட்டார், அதோடு வாயை மூடிக்கொண்டார். அவள் சுளித்தது எண்ணெய் தெறித்ததற்கு. அதையும் எழுதிக்காட்டினோம், நம்பினாரா தெரியவில்லை.

இதைப் பழுது பார்க்க அனுப்பிய நாளில், கடலூர்க் கூரியர் அலுவலகத்துக்கு எடுத்துப்போகும்போது ஆல்பேட்டை சோதனைச் சாவடியில் பஸ்ஸை நிறுத்திப் பைகளைப் பார்த்தார்கள். புதுச்சேரிப் பக்கமிருந்து பெட்டி வந்தால் அவர்கள் தேடுவது பாட்டில்தானே. என் பெட்டியைத் திறந்த காவலர் கருவியைப் பார்த்ததும், “எங்கள் அம்மாவுக்கும் இதுதான், பஞ்சு சுற்றி வையுங்கள்” என்று தானே மறுபடி மூடிக் கொடுத்தார். அன்று பெட்டிக்குள் இருப்பது என்ன என்று பார்த்த ஒரே ஆள் அவர்தான்.

17 செப்டம்பர், இரவு 8.05

மூன்றாவது முறை. நேரம் 7.48. வீட்டில் மூன்று பேரும் இருக்கிறோம். மூன்று முயற்சி முடிந்தால் திருப்பி அனுப்பிவிடுவார்களாம். நாளை அச்சகத்தில் விடுப்புக் கிடைக்காது, வெள்ளிக்கிழமை நேரில் போகிறேன்.

19 செப்டம்பர், இரவு 9.00

போய்வந்தேன்.

செம்மண்டலம் பக்கத்தில் ஒரு சந்து. பெயர்ப்பலகை கிடையாது, இரும்பு ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. உள்ளே தரையெல்லாம் பெட்டிகள். தீபாவளி விற்பனை இப்போதே தொடங்கிவிட்டது போலும். சுவரோரம் ஆள் உயரத்துக்கு அடுக்கியிருந்தார்கள், அடியில் இருந்தவை நசுங்கியிருந்தன. பொறுப்பாளர் என்று ஒருவர் மடிக்கணினியோடு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். எண்ணைச் சொன்னேன். “நேற்றிரவு வண்டியில் திரும்பிவிட்டது சார்.” ஒரு நாள் முந்தியிருந்தால் கையில் வாங்கியிருப்பேன்.

மூன்று முறையும் வீட்டில் ஆள் இருந்தோம் என்றேன். மடிக்கணினியை என் பக்கம் திருப்பிக் காட்டினார். மூன்று வரி, மூன்றும் ஒரே வாசகம். “பையன் பொய் எழுதுவானா சார்?” என்றார். நான் பொய் சொல்லுவேன் என்று நினைக்கிறீர்களா என்று கேட்டேன். பதில் இல்லை, அடுத்த ஆளைக் கூப்பிட்டார். வெளியே வந்து பஸ் நிறுத்தத்தில் நிற்கும்போது கை நடுங்கியது.

கருவியைச் சரிசெய்த சென்னை நிலையத்தாரை அழைத்தேன். நல்லவர்கள். திரும்பி வந்ததும் மறுபடி அனுப்புகிறோம், கட்டணம் வேண்டாம் என்றார்கள்.

21 செப்டம்பர், ஞாயிறு, காலை 11.30

இதை எழுத மனம் கூசுகிறது, ஆனால் எழுதியே ஆக வேண்டும். 15ஆம் தேதி நான் எழுதியது தவறு.

இன்று காலை எதிர்வீட்டு அத்தை கீரை கொடுக்க வந்தார். பேச்சுவாக்கில், “அன்றைக்கு ஒரு பையன் பெரிய பையோடு வந்து ஐயா ஐயா என்று கத்திக்கொண்டிருந்தானே, மாமாவுக்குத்தான் கேட்கவில்லை” என்றார். எந்த நாள் என்றேன். திங்கட்கிழமை, பதினொன்றரை இருக்கும், பால் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன் என்றார். அப்பா அந்த நேரத்தில் திண்ணையில் இல்லை. கொல்லையில் விழுந்த தென்னை மட்டையை இழுத்துப்போட்டு, முதுகைத் திருப்பிக்கொண்டு ஈர்க்கு கிழித்திருக்கிறார், துடைப்பத்துக்கு. பையன் ஹாரன் அடித்திருக்கிறான், கூப்பிட்டிருக்கிறான், யாருக்கோ போன் செய்திருக்கிறான். பிறகு போய்விட்டான். அத்தை தெருவைக் கடந்து வருவதற்குள் வண்டி கிளம்பிவிட்டதாம்.

என் போனை எடுத்துப் பார்த்தேன். 15ஆம் தேதி, 11.34, தெரியாத எண்ணிலிருந்து தவறிய அழைப்பு. இயந்திரம் ஓடும்போது சட்டைப் பையில் மணி அடித்தால் எனக்குக் கேட்பதில்லை. மாலையில் பார்த்துவிட்டு, கடன் வேண்டுமா என்று கேட்கிறவர்களாக இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

ஆக, மூன்றில் ஒன்று பொய் இல்லை. வந்திருக்கிறான். அவன் எழுதியதும் முழு உண்மை இல்லை, வீடு பூட்டியிருக்கவில்லை. ஆனால் கூப்பிட்டும் ஆள் வராத வீட்டை அவன் வேறு எப்படி எழுதுவான்? கை கூசாதா என்று கேட்டேன். அந்தக் கேள்வியைத் திங்கட்கிழமையைப் பொறுத்தவரை திரும்பப் பெறுகிறேன்.

12ஆம் தேதி 7.52, 17ஆம் தேதி 7.48. இவை இரண்டையும் விடமாட்டேன். அப்போது நான் திண்ணையில் இருந்தேன், என் காது நன்றாகக் கேட்கும்.

24 செப்டம்பர், இரவு 9.15

1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிவு செய்துவிட்டேன். இரண்டு பேர் வழக்கே போடு என்கிறார்கள். விசாரித்தவரை எழுதுகிறேன், வேறு யாருக்காவது பயன்படும்.

2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, எதிர்த்தரப்பின் அலுவலகம் எந்த ஊரில் இருந்தாலும் நாம் குடியிருக்கும் இடத்து மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். நமக்குப் புதுச்சேரியிலேயே இருக்கிறது. கொடுத்த பணம் ஐந்து லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை. சிக்கல் நேர்ந்த நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்பதில்லை. பார்சல் தொலைந்துபோனாலோ உடைந்துபோனாலோ இன்னொன்றையும் மறக்காதீர்கள். சாலைவழிச் சரக்கு ஏற்றிச் செல்வோருக்கான 2007ஆம் ஆண்டுச் சட்டம், பார்சலை அனுப்பப் பதிவு செய்த நாளிலிருந்து 180 நாளுக்குள் நிறுவனத்துக்கு எழுத்தில் அறிவிப்புக் கொடுக்கச் சொல்கிறது. வாயால் கேட்டுக்கொண்டே ஆறு மாதத்தைக் கழித்துவிட்டால் கதவு மூடிக்கொள்ளும். ரசீது, அந்த மூன்று வரிகளின் ஸ்கிரீன்ஷாட், போனில் அழைப்பு வந்த நேரம், எல்லாவற்றையும் நாளிட்டு எடுத்து வைத்திருக்கிறேன்.

ஆனால் வழக்குப் போட மனம் வரவில்லை. எனக்குப் பணம் வேண்டாம். ‘வீடு பூட்டியிருந்தது’ என்ற இரண்டு வரியை அவர்கள் தங்கள் பதிவேட்டில் திருத்த வேண்டும். புகாரில் அதைத்தான் கேட்டிருக்கிறேன். ‘பையன்மேல் நடவடிக்கை’ என்ற கட்டத்தில் குறியிடவில்லை. திங்கட்கிழமை வெயிலில் நின்று கூப்பிட்டுவிட்டுப் போனவனும் அவன்தானே.

28 செப்டம்பர், ஞாயிறு, பகல் 12.45

அஞ்சலில் அனுப்பச் சொல்லியிருக்கலாமே என்று கேட்கிறீர்கள். உண்மைதான், எனக்குத் தோன்றவில்லை. பதிவுத் தபாலை இந்த ஆண்டு ஸ்பீட் போஸ்ட்டோடு சேர்க்கிறார்கள். எங்கள் அப்பாவுக்கு அது இன்னும் ரிஜிஸ்டர்தான், அதில் வந்தால்தான் அவருக்கு நம்பிக்கை. ஆனால் ஒன்றைத் தெரிந்துகொண்டு அனுப்புங்கள். 1898ஆம் ஆண்டுப் பழைய அஞ்சல் சட்டம் போய், 2024 ஜூன் 18 முதல் புதிய சட்டம் நடப்பில் இருக்கிறது. விதிகளில் சொல்லப்பட்ட அளவைத் தாண்டி அஞ்சல் துறைக்குப் பொறுப்பு இல்லை என்பது அதிலும் இருக்கிறது. தாமதத்துக்கு நஷ்ட ஈடு கேட்பது அங்கே எளிதாக இருக்காது.

ஆனாலும் எங்கள் தபால்காரரைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அப்பாவின் காது மந்தமாகத் தொடங்கிய நாளிலேயே அவருக்குத் தெரிந்துவிட்டது. வாசலில் சைக்கிள் மணி அடிப்பதை நிறுத்திவிட்டார். நேராக உள்ளே வந்து, அப்பா இருக்கும் இடத்துக்குப் பின்னாலிருந்து போகாமல் சுற்றிக்கொண்டு முன்னால் போய், கண்ணில் பட்ட பிறகு தோளைத் தொடுவார். திடீரென்று பின்னாலிருந்து தொட்டால் காது கேட்காதவர் பதறிப்போவார் என்று அவருக்கு யார் சொல்லிக் கொடுத்தார்களோ. எங்களுக்கே அதைச் செய்யப் பல மாதம் ஆயிற்று. அவர் ஓய்வு பெற்றுவிட்டார். இப்போது வருபவர் இளைஞர், முதல் வாரமே ஓய்வு பெற்றவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு வந்துவிட்டார்.

கூரியர்ப் பையன் அப்படி ஏன் இல்லை என்று கேட்க வந்தேன், எழுதும்போதே விடை தெரிகிறது. தபால்காரர் இந்தத் தெருவுக்கு இருபது வருடம் வந்தார். இந்தப் பையன் எத்தனை மாதம் வருவானோ.

டிஜிபின் வாங்கிவிட்டால் எல்லாம் தீரும் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இந்த ஆண்டு மே மாதம் அஞ்சல் துறை கொண்டுவந்தது, பத்து எழுத்துக் குறியீடு, ஏறத்தாழ நான்கு மீட்டருக்கு நான்கு மீட்டர் சதுரத்தைக் காட்டும். நல்ல ஏற்பாடு. ஏரிக்கரையில் கதவு எண் இல்லாத வீடுகளுக்குக் கட்டாயம் உதவும். எங்கள் வீடு தெரியாமல் யாரும் திண்டாடவில்லை. திங்கட்கிழமை சரியாக வந்து நின்றானே. கொல்லையில் இருக்கும் அப்பாவைக் கூப்பிட அந்தச் சதுரத்தால் முடியாது.

4 அக்டோபர், சனி, மாலை 5.30

கைக்கு வந்துவிட்டது.

நேற்று மாலை கடலூர் மையத்துக்கு வந்ததாகச் செய்தி பார்த்தேன். விநியோகத்துக்கு அனுப்ப வேண்டாம், நானே வருகிறேன் என்று முதல் நாளே எழுதி வைத்திருந்தேன். காலை எட்டு மணிக்கெல்லாம் ஷட்டர் முன்னால் நின்றேன். பெட்டியின் ஒரு மூலை உள்ளே போயிருந்தது, அங்கேயே பிரித்துப் பார்த்தேன். பஞ்சுக்குள் கருவி நன்றாக இருந்தது. செப்டம்பர் 9இலிருந்து இன்றோடு இருபத்தைந்து நாள். சென்னைக்கும் எங்களுக்கும் இருநூறு கிலோமீட்டர்கூட இல்லை.

வீட்டுக்கு வந்ததும் அப்பா வாங்கினார். பேட்டரித் தாளை உரித்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டு எண்ணினார். மாட்டினார். ஊய் என்றது. என் மனைவி அடுக்களையிலிருந்து ஓடி வந்தாள், கையில் கரண்டி. அப்பா முதலில் கேட்டது, “ஏன் இந்த மின்விசிறி இப்படிச் சத்தம் போடுகிறது?” ஒரு மாதமாகப் போடுகிறது என்று சொன்னோம். மாலையில் டீக்கடைக்குப் போயிருக்கிறார், இன்னும் வரவில்லை.

5 அக்டோபர், ஞாயிறு, காலை 10.00

நேற்று மகிழ்ச்சியில் முக்கியமான ஒன்றை எழுதாமல் விட்டேன். அந்தப் பையனைப் பார்த்தேன்.

பெட்டியை எடுத்துக் கொடுத்தவனே அவன்தான். இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயது இருக்கும். முகவரியைப் படித்ததும், “பாகூர்ப் பெரியவர் வீடா அண்ணா?” என்றான். ஆமாம், திங்கட்கிழமை நீ வந்து கூப்பிட்டது எனக்குப் பிறகுதான் தெரிந்தது தம்பி என்றேன். அவன் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. சண்டைக்கு வந்திருக்கிறேன் என்று நினைத்திருப்பான்.

மற்ற இரண்டு நாளைப் பற்றிக் கேட்டேன். சுற்றிப் பார்த்துவிட்டு, தன் போனை எடுத்து அந்தச் செயலியைக் காட்டினான். பார்சல் கொடுக்க முடியாமல் போனால் காரணம் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். வீடு பூட்டியிருந்தது. முகவரி தவறு. வாங்க மறுத்தார். தொடர்புகொள்ள முடியவில்லை. இவ்வளவுதான். 12ஆம் தேதி அவன் பையில் எழுபத்தெட்டுப் பார்சல், இரவு எட்டு மணிக்குள் ஒவ்வொன்றுக்கும் ஏதாவது ஒரு வரி போட்டாக வேண்டும். போடாவிட்டால் அன்றைய கூலியில் பிடித்தம். 7.50 மணிக்கு அவன் கையில் பத்தொன்பது மிச்சம். “நேரம் போதவில்லை என்று எழுத இதில் இடம் இல்லை அண்ணா. முகவரி தவறு என்று போட்டால் உடனே திரும்பிவிடும். பூட்டியிருந்தது என்று போட்டால் இன்னொரு நாள் கிடைக்கும். உங்களுக்கு நல்லதென்றுதான் அதைப் போட்டேன்.”

அந்தத் திரையை நான் இரண்டு முறை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தேன். அவன் சொன்னது சரிதான், உண்மையைச் சொல்ல அதில் ஒரு வரி இல்லை.

அச்சகத்தில் பிழை திருத்துவது என் தொழில். அச்சுக் கோத்தவர் மேல் கோபப்பட்டு என்ன பயன், மூலப்படியிலேயே பிழை இருந்தால் ஒவ்வொரு படியிலும் அது வரும். பத்தொன்பது வீட்டுக்காரர்கள் அன்றிரவு தங்கள் வாசலில் நின்றுகொண்டு, வீடு பூட்டியிருந்ததாக வந்த செய்தியைப் படித்திருப்பார்கள். அத்தனை பேரும் அவனைத்தான் திட்டியிருப்பார்கள். நானும் திட்டினேன்.

அவனுக்காகப் பொய்யை நியாயப்படுத்துகிறேன் என்று யாரும் எழுத வேண்டாம். அது பொய்தான், என் தகப்பனுக்கு அதனால் மூன்று வாரம் போயிற்று. அந்த நான்கு வரிகளை எழுதியவர் யாரோ, அவர் பதில் சொல்ல வேண்டும்.

5 அக்டோபர், இரவு 8.20

1915 புகாரோடு இதையும் சேர்த்து அனுப்பிவிட்டேன். ‘நேரம் போதவில்லை, நாளை வருகிறோம்’ என்று ஐந்தாவது காரணம் ஒன்றைச் செயலியில் சேருங்கள் என்று கேட்டிருக்கிறேன். பையனைப் பற்றி ஒரு சொல் இல்லை. நாளும் பேரும் நேரமும் இல்லாமல்தான் எழுதினேன். நீங்களும் இங்கே அவன் யார் என்று கேட்காதீர்கள்.

11 அக்டோபர், மாலை 7.00

நிறுவனத்திடமிருந்து பதில் வந்தது. அனுப்பிய கட்டணத்தைச் சென்னை நிலையத்தாருக்குத் திருப்பிக் கொடுத்துவிட்டார்களாம். எனக்கு ஏற்பட்ட சிரமத்துக்கு வருந்துகிறார்களாம். முடிந்துபோன முயற்சிகளின் பதிவை மாற்ற இயலாதாம். ஐந்தாவது காரணத்தைப் பற்றி ‘உரிய பிரிவுக்கு அனுப்பியிருக்கிறோம்’.

கட்டணம் திரும்பியதில் மகிழ்ச்சி, அந்த நிலையத்தார் இரண்டாம் முறை தங்கள் கையிலிருந்து போட்டிருந்தார்கள். மற்றது போதாது. புகார் முடிந்ததா என்று கேட்ட கட்டத்தில் ‘இல்லை’ என்று குறித்திருக்கிறேன். இரண்டு வருடம் இருக்கிறது, தாள்கள் எல்லாம் கோப்பில் இருக்கின்றன. ஆணையத்துக்குப் போகமாட்டேன் என்று 24ஆம் தேதி எழுதியதை இப்போது அவ்வளவு உறுதியாகச் சொல்ல மாட்டேன்.

18 அக்டோபர், சனி, காலை 9.10

தீபாவளிக்கு இரண்டு நாள். கிருமாம்பாக்கம் நண்பர் மறுபடி கேட்டிருக்கிறார், கடைசியில் எந்த எண்ணைத்தான் போடுவது என்று. உங்கள் சொந்த 607ஐயே போடுங்கள். மாநிலக் கட்டத்தில் தமிழ்நாடு என்று விழுந்தால் விழட்டும், அதோடு மல்லுக்கட்ட வேண்டாம். முகவரியின் முதல் வரியிலேயே ‘புதுச்சேரி, பாகூர் கொம்யூன்’ என்று நம் பஞ்சாயத்தின் பெயரை எழுதிவிடுங்கள், பெட்டியைக் கையில் எடுக்கிற மனிதர் அதைத்தான் படிக்கிறார். நான் இரண்டாவது வரியில் ‘கூப்பிட்டால் கேட்காது, உள்ளே வந்து முன்னால் நிற்கவும்’ என்று சேர்த்துவிட்டேன். இப்படிப் போட்டுப் பேட்டரி அட்டைகள் இரண்டு அஞ்சலில் வரவழைத்தேன், வியாழக்கிழமை வந்துவிட்டன.

வெளிக்கதவிலும் ஒரு பலகை வேண்டும் என்று பையன் அன்றைக்குச் சொல்லியிருந்தான். அப்பாவிடம் சொன்னேன். பழைய சிலேட்டைத் தேடி எடுத்து, வெள்ளை வண்ணத்தில் அவரே எழுதினார்: ‘உள்ளே வரவும். ஆள் கொல்லையில் இருப்பார்.’ கம்பியில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறார். இப்போதுதான் காது வந்துவிட்டதே, எதற்கு என்று எதிர்வீட்டு அத்தை கேட்டார். மதியம் தூங்கும்போது கழற்றி டப்பாவில் வைப்பேன், இரண்டிலிருந்து நாலு வரை இது இருக்கட்டும் என்றார் அப்பா.